கழற்றிய பெயாரிங்கை எறியாதே

மாசி, பங்குனியில் பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்ததும் அம்பாறை மாவட்டத்தின் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்து நெல் மில்கள் இரவு பகல் பாராமல் ஓடத் தொடங்கும். ஆடி, ஆவணியில் சிறுபோக நெல் வரும்போது மறுபடியும் அதே ஓட்டம். இரண்டுக்கும் இடையில் கிடைக்கும் சில கிழமைகள்தான் மெக்கானிக்குக்குச் சொந்தமான காலம். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரை இறக்கலாம், சுழலும் தண்டான ஷாஃப்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பலாம், போன போகத்தில் அவசரத்துக்குக் கட்டி ஓட்டியதையெல்லாம் ஒழுங்காகப் பார்க்கலாம். தொழில் பழகுகிறவர் இந்தக் காலத்தில் மில்லுக்குள் வருவது நல்லது. நெல் லொறி வாசலில் வரிசையில் நிற்கும்போது பழுதான சாமானை மாற்றத்தான் நேரம் இருக்கும். அது ஏன் பழுதானது என்று பார்க்க யாரும் விடமாட்டார்கள்.

இந்தத் தொழிலுக்கு இங்கே இரண்டு வாசல். மட்டக்களப்பு மஞ்சந்தொடுவாயிலும் சம்மாந்துறையிலும் உள்ள தொழில்நுட்பக் கல்லூரிகள், தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள், வேலைத்தளத்திலேயே பயிலுனராகச் சேர்க்கும் நைட்டா என்று போவது ஒன்று. நேரே ஒரு பாஸிடம், அதாவது கைதேர்ந்த மெக்கானிக்கிடம், கையாளாகச் சேர்வது மற்றது. கல்லூரியில் அளவும் வரைபடமும் ஒழுங்காக வரும். பாஸிடம் கையும் காதும் பழகும். பாஸிடம் பழகியவரும் பின்னால் முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழியில் மதிப்பீட்டுக்குத் தோற்றி என்விகியூ எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். ஏழு மட்டங்களில் நான்கு வரை கைத்தொழில் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா. மதிப்பீட்டுக்கு வருகிறவர் செய்த வேலைக்கு ஆதாரம் கேட்பார். ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பியில் திகதி, மெஷின், கழற்றிய சாமானின் இலக்கம், பழுதின் காரணம் ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். நான்காவதை நிரப்பத்தான் ஆட்கள் கஷ்டப்படுவார்கள். இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அந்த நான்காவதைப் பற்றியதுதான்.

முதல் மாதங்கள் வைஸும் அரமுமாகப் போகும். அலுப்பான வேலை, தப்ப வழியில்லை. ஒரு இரும்புத் துண்டை 50 மி.மீ. சதுரமாக அராவி, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எங்கும் ஒளி கசியக் கூடாது. ஆரம்பத்தில் எல்லோருடைய துண்டும் நடுவில் மேடாகத்தான் வரும். தள்ளத் தொடங்கும்போது பிடி தாழ்கிறது, தள்ளி முடிக்கும்போது அரத்தின் தலைப்பு தாழ்கிறது, ஓரம் இரண்டும் கூடுதலாகத் தேய்கிறது. தள்ளத் தொடங்கும்போது முன்கையில் பாரம், நடுவில் இரண்டிலும் சமன், முடிவில் பின்கையில் பாரம் என்று மாற்றப் பழகினால் மேடு போய்விடும். திரும்ப இழுக்கும்போது அழுத்தக் கூடாது; அரத்தின் பல் ஒரு பக்கம்தான் வெட்டும்.

ஹெக்சோ பிளேட்டிலும் ஒரு கணக்கு உண்டு. வெட்டும் தகட்டின் தடிப்புக்குள் எப்போதும் குறைந்தது மூன்று பல்லாவது நிற்க வேண்டும். அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேட்டில் பல்லுக்குப் பல் கிட்டத்தட்ட 1 மி.மீ.; 3 மி.மீ.க்கு மெல்லிய தகட்டை அதால் வெட்டினால் பல் கொழுவி உடையும். அதற்கு 32 பல். தடித்த கம்பிக்கு 18.

துளைக்குள் மரை வெட்டும் டாப்புகளில் பல, துளை சிறிதாகப் போட்டதால் உடைபவை. எம்8 மரைக்கு 6.8 மி.மீ., எம்10-க்கு 8.5, எம்12-க்கு 10.2 மி.மீ. பிட் என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, ஒயில் விட்டு. இரும்புக்கு ஒயில், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், வார்ப்பிரும்புக்கு ஒன்றும் வேண்டாம். டாப் இறுகுவது கையில் தெரியும். தெரிந்த பிறகும் திருகுகிறவர்தான் உடைந்த டாப்பை எடுக்க ஒரு பின்னேரத்தைச் செலவழிப்பார்.

இனி மெஷின். தொடுவதற்கு முன் மெயின் ஐசொலேட்டரை நிறுத்திப் பூட்டுப் போட்டு, திறப்பை உங்கள் பையில் வையுங்கள். பழைய பலகையில் பூட்ட இடமில்லை என்றால் பியூஸ் கட்டைகள் மூன்றையும் கழற்றி உங்களிடமே வைத்திருங்கள். அதன் பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பிழையான பியூஸைக் கழற்றியிருந்தால் அந்த இடத்தில் தெரிந்துவிடும். கரண்டை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிட்டது என்று நினைப்பதும் தவறு. நெல் நிறைந்த பக்கெட் எலிவேட்டரின் பெல்ட்டையோ கியர்பொக்ஸையோ கழற்றினால் ஏறும் பக்கத்துப் பாரம் பின்னோக்கி இழுத்துக்கொண்டு சுற்றும். முதலில் நெல்லை இறக்கு, இல்லாவிட்டால் பெல்ட்டைக் கட்டு. நிறப்பிரிப்பு மெஷினுக்குப் போகும் காற்றுக் குழாயில் அழுத்தம் நிற்கும், கபாசிட்டரில் மின் நிற்கும். சாரம், தொங்கும் சட்டைக் கை, மோதிரம், கையில் கட்டிய கோயில் நூல் எதுவும் சுற்றும் ஷாஃப்டுக்கு அருகே வேண்டாம். நெல் இறங்கிக்கொண்டிருக்கும் தொட்டிக்குள் கால் வைக்கவே கூடாது. இடுப்பளவு புதைந்தவரைக்கூட இழுத்து எடுக்க முடியாது.

சுற்றும் ஷாஃப்டைத் தாங்கும் குண்டு வளையமான பெயாரிங்குக்கு வருவோம். மில்லில் கழற்றிப் பூட்டும் சாமான்களில் இதுதான் அதிகம், கூடுதலாக வீணாவதும் இதுதான். இலக்கத்தை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை. 6205 என்றால் 25 மி.மீ., 6206 என்றால் 30, 6308 என்றால் 40. இது 04-இலிருந்துதான் பொருந்தும். 00, 01, 02, 03 முறையே 10, 12, 15, 17 மி.மீ. 6205-உம் 6305-உம் ஒரே 25 மி.மீ. ஷாஃப்டுக்குத்தான் போகும், ஆனால் முன்னதன் வெளிவட்டம் 52, பின்னதன் வெளிவட்டம் 62. இலக்கத்துக்குப் பின்னால் வரும் எழுத்தும் முக்கியம். இசட்இசட் என்றால் இருபுறமும் தகட்டு மூடி, 2ஆர்எஸ் என்றால் இருபுறமும் றப்பர் சீல். உமித்தூசி பறக்கும் இடத்தில் தகட்டு மூடி போதாது. சி3 என்றால் உள்ளே இடைவெளி வழமையைவிடக் கொஞ்சம் கூட. சூடேறும் மோட்டருக்கு அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கடையில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. எலிவேட்டர், கன்வேயர்களில் பூட்டும், பெயாரிங்கோடு சேர்ந்து வரும் யுசிபி 205 பிளாக்கின் துளை 25 மி.மீ. அதே பிளாக்கில் 205-16 என்று எழுதியிருந்தால் 1 அங்குலம், அதாவது 25.4 மி.மீ. அந்தப் பதினாறு அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குக் கணக்கு. 25 மி.மீ. ஷாஃப்டில் 205-16 ஐப் போட்டால் சுலபமாக ஏறும், செட் ஸ்குரூவும் இறுகும், மில்லும் ஓடும். 0.4 மி.மீ. ஆட்டத்தோடு ஓடி, சில நாட்களில் ஷாஃப்டைத் தின்றுவிடும். ஷாஃப்டை வேர்னியரால் அளக்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

கழற்றுவதற்குப் புல்லர். இறுக்கமாக ஷாஃப்டில் இருப்பது உள்வளையம் என்றால் புல்லரின் கால் உள்வளையத்தைத்தான் பிடிக்க வேண்டும். பூட்டும்போதும் உள்வளையத்தில்தான் அழுத்த வேண்டும். வெளிவளையத்தில் அடித்தால் அடியெல்லாம் குண்டுகள் வழியாகப் போகும், ஒவ்வொரு குண்டும் தடத்தில் ஒரு பள்ளம் விடும். பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பெயாரிங் ஓடத் தொடங்கும் முன்பே பழுது. இறுக்கம் கூடினால் சூடாக்குங்கள். 40 மி.மீ. துளை 80 பாகை கூடுதலாகச் சூடேறினால் கிட்டத்தட்ட 0.04 மி.மீ. விரியும், அவ்வளவும் போதும், கையால் தள்ளினாலே ஏறும். 120 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது. காஸ் சுவாலையை நேரே பிடிப்பது உருக்கின் பதத்தைக் கெடுக்கும். சீல் உள்ளதை ஒயிலில் போட்டுச் சூடாக்கக் கூடாது, உள்ளே உள்ள கிறீஸ் கரைந்து போகும்.

பூட்டுவதற்கு முன் ஷாஃப்டை மைக்ரோமீற்றரால் மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளவுங்கள். 40 மி.மீ. ஷாஃப்டில் உள்வளையம் இறுகி நிற்க 40.002-க்கும் 40.018-க்கும் இடையில் இருப்பது வழமை. 39.95 காட்டினால் எந்தப் பெயாரிங் போட்டாலும் நிற்காது. இங்கே பலர் செய்வது ஷாஃப்டைச் சென்டர் பஞ்சால் சுற்றிவரக் குத்தி, எழும்பிய புள்ளிகளில் பெயாரிங்கை இறுக்குவது. போகம் முடியும் வரை தள்ளிவிட அது உதவும் என்பார்கள். உண்மையில் அந்தப் புள்ளிகள் சில நாட்களிலேயே நசுங்கிவிடும், ஷாஃப்ட் முன்பைவிட மோசமாகும். வெல்டிங் போட்டு உயர்த்தி லேத்தில் கடைவதும் ஸ்லீவ் போடுவதும்தான் வேலை. ஓய்வுக் கிழமைகள் அதற்குத்தான்.

தலைப்பில் சொன்னது இப்போது. கழற்றிய பெயாரிங்கைக் குப்பை வாளிக்குள் போடாமல், டீசலில் கழுவி, வெளிவளையத்தை வெட்டித் திறந்து தடத்தைப் பாருங்கள். தடம் பளபளப்பு இழந்து மங்கி, மணற்தாளால் தேய்த்ததுபோல் இருந்தால் தூசி போயிருக்கிறது. உமியில் சிலிக்கா நிறைய உண்டு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதோடு வளவு மண்ணும் சேரும். குண்டுகளின் இடைவெளிக்குச் சரியாகப் பள்ளங்கள் வரிசையாக இருந்தால் பூட்டும்போது அடித்திருக்கிறார்கள். அதே இடைவெளியில் பள்ளத்துக்குப் பதில் மினுமினுப்பான தேய்வு இருந்தால் மெஷின் நின்றபடியே பக்கத்து மெஷினின் அதிர்வை வாங்கியிருக்கிறது. மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் மெஷினின் ஷாஃப்டைக் கிழமைக்கு ஒருதரம் கையால் கொஞ்சம் சுற்றி வைக்கச் சொல்வது இதனால்தான். வெளிவளையத்தில் தடம் நேராக இல்லாமல் சரிந்து ஓடியிருந்தால் இரண்டு பெயாரிங் பிளாக்கும் ஒரே கோட்டில் இல்லை. நீலமும் கபிலமுமாக நிறம் மாறியிருந்தால் கிறீஸ் இல்லாமலோ அளவுக்கு மிஞ்சியோ சூடேறியிருக்கிறது. உள்துளையில் செங்கபிலத் தூள் ஒட்டியிருந்தாலோ கண்ணாடிபோல மினுங்கினாலோ ஷாஃப்டில் இறுக்கம் போதாமல் வளையம் வழுக்கியிருக்கிறது.

இன்னொன்று, பலர் நம்ப மறுப்பது. தடத்தில் கருகிய சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் பெயாரிங் வழியே வெல்டிங் கரண்ட் போயிருக்கிறது. எலிவேட்டரின் தலைப்பகுதியில் தகடு ஒட்டுகிறவர், ஏணியில் ஏறி இறங்கும் சோம்பலில் எர்த் கிளம்பைக் கீழே சட்டத்தில் கவ்விவிடுவார். கரண்ட் தனக்கு இலகுவான பாதையில் போகும், அந்தப் பாதையில் பெயாரிங் இருந்தால் குண்டுக்கும் தடத்துக்கும் நடுவில் பொறி பறக்கும். ஒட்டும் துண்டிலேயே, ஒட்டும் இடத்துக்கு ஒரு முழத்துக்குள் கிளம்பைப் போடுங்கள்.

கிறீஸில் இங்கே குறையைவிட மிகைதான் பிரச்சினை. பெயாரிங் பெட்டியின் வெற்றிடத்தில் மூன்றிலொன்றிலிருந்து பாதிவரை போதும். நிரம்ப அடைத்தால் கிறீஸ் கடையப்பட்டே சூடேறும், சீலும் பிதுங்கும். மறுபடி போடும் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. வெளிவட்டத்தையும் அகலத்தையும் மி.மீ.இல் பெருக்கி, 0.005-ஆல் பெருக்கினால் கிராம். 6308-இன் வெளிவட்டம் 90, அகலம் 23. ஆகவே சுமார் 10 கிராம். உங்கள் கிறீஸ் கன் ஒரு தட்டுக்கு எவ்வளவு தருகிறது என்று அறிய, ஒரு கடதாசியில் பத்துத் தட்டு அடித்து, பக்கத்துக் கடைத் தராசில் நிறுங்கள். ஒருதரம் செய்தால் போதும், அந்தக் கன்னை ஆயுளுக்கும் நம்பலாம்.

பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பி பெல்ட்டின் மேலகலம் 17 மி.மீ., தடிப்பு 11. ஏ என்றால் 13-உம் 8-உம். இரண்டு புல்லியின் முகத்திலும் நூலை இழுத்துப் பிடித்தால் நான்கு இடத்திலும் தொட வேண்டும். இடைவெளி ஒரு மீற்றர் என்றால் நடுவில் அழுத்தும்போது 16 மி.மீ. அளவு தாழ்வது அளவான இறுக்கம். மூன்று பெல்ட் ஓடும் புல்லியில் ஒன்று அறுந்தால் மூன்றையும் மாற்றுங்கள். நீண்ட பழசோடு ஓடும் புதுசு பாரத்தைத் தனியே சுமந்து சீக்கிரம் போகும். புல்லிப் பள்ளத்தின் அடி பளபளவென்று இருந்தால் பெல்ட் பக்கச்சுவரில் பிடிக்காமல் அடியில் உட்காருகிறது. அங்கே புல்லிதான் தேய்ந்திருக்கிறது. பெல்ட்டுக்கு மேல் பெல்ட் வாங்கி ஒன்றும் ஆகாது.

றப்பர் ரோல் வேறு கதை. இரண்டு ரோல் எதிரெதிராகச் சுற்றும், ஒன்று மற்றதைவிடச் சுமார் கால் பங்கு வேகமாக. அந்த வேக வித்தியாசம்தான் நெல்லை உரித்து உமியைக் கழற்றுகிறது. வேகமான ரோல் கூடத் தேயும். தேயத் தேய அதன் வெளிவட்டம் சிறுத்து மேற்பரப்பு வேகம் குறையும், வித்தியாசம் குறையும், உரிப்பும் குறையும். ஓட்டுகிறவர் உடனே ரோலை நெருக்கி இறுக்குவார். குறுணல் கூடும், றப்பர் கருகும். செய்ய வேண்டியது ரோல்களை இடம் மாற்றிப் போடுவது. வெளியே வருவதில் ஒரு பிடி எடுத்து நூறு மணி எண்ணுங்கள். 85 முதல் 90 வரை உமி நீங்கியிருந்தால் அதை அப்படியே விடுங்கள். மிச்சத்தைப் பிரிப்பான் திருப்பி அனுப்பும். நூற்றுக்கு நூறு உரிக்க நினைக்கும் முதலாளியிடம் குறுணல் மூட்டையைக் காட்டுவதுதான் ஒரே வழி. ரோல் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்தால் இரண்டும் சமாந்தரமாக இல்லை. நடுவில் மட்டும் குழிந்தால் நெல் அகலம் முழுவதும் பரவி விழவில்லை, ஹொப்பரின் கதவைப் பாருங்கள். நெல் நின்றதும் ரோல்களை விலக்காவிட்டால் றப்பரும் றப்பரும் உரசும், அந்த மணம் வாசல்வரை வரும். மாற்று ரோலைத் தகரக் கூரையின் கீழ் வெயில் படும் இடத்தில் அடுக்கி வைத்தால் றப்பர் இறுகிப்போகும்.

அவித்த நெல்லுக்கும் பச்சை நெல்லுக்கும் தவிடு நீக்கும் பொலிஷரில் வேறு வேறு பதம். அவித்த அரிசி கெட்டி, உடையாது, ஆனால் தவிடு எண்ணெய்ப் பசையாகச் சல்லடையின் துளைகளை அடைக்கும். அரிசி சூடாக வெளியே வந்தால் பொலிஷரின் கல்லைப் பார்க்கும் முன் சல்லடையைக் கழற்றித் துலக்குங்கள்.

எலிவேட்டர் பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்கி ஓடினால், எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்து இறுக்கு திருகான டேக்கப்பைக் கொஞ்சம் இறுக்குங்கள், கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். பல சுற்று ஓடவிட்டு, பார்த்து, பிறகு அடுத்த கால் சுற்று. பொறுமை இல்லாதவர் இரண்டு பக்கமும் மாறி மாறித் திருகி, கடைசியில் பெல்ட்டை இழுத்து நீட்டிவிடுவார்.

வாவியோரத்திலும் கடற்கரைப் பக்கமும் உப்புக் காற்று தனி எதிரி. அடித்தளப் போல்ட்டுகளின் மரையில் பூட்டும்போதே கிறீஸ் பூசுங்கள். பொயிலர் பயிலுனரின் வேலையல்ல. ஆனால் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்க்கவும், சேஃப்டி வால்வில் எவரும் பாரம் கட்டித் தொங்கவிடாமல் பார்க்கவும் எவருக்கும் தெரிய வேண்டும். கரையோரக் கிணற்றுத் தண்ணீர் உப்பாகவும் வன்மையாகவும் இருந்தால் பொயிலர் குழாயில் காரை படியும். காரை படிந்த குழாய் எரிக்கும் உமியைத் தின்னும், நீராவியைத் தராது.

மாரி முழுக்க நின்ற மோட்டரைப் பெரும்போகத்துக்கு முதன்முதல் ஓட்டுவதற்கு முன் இலக்ட்ரிசியனைக் கூப்பிட்டு 500 வோல்ட் மெகரால் சுருளின் மின்காப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே என்றால் சுருளில் ஈரம். காயவைத்த பிறகுதான் கரண்ட். சுழலும் திசையை பெல்ட் போடாமல் பாருங்கள், பிழை என்றால் மூன்றில் இரண்டு வயரை மாற்றினால் சரி. 400 வோல்டில் ஓடும் 7.5 கிலோவாட் மோட்டர் முழுப்பாரத்தில் 15 அம்பியர் அளவில் இழுக்கும். பாரம் மிஞ்சினால் மோட்டரை நிறுத்தும் ஓவர்லோட் அடிக்கடி விழுகிறது என்று அதன் குமிழைக் கூட்டித் திருப்பாதீர்கள். மோட்டரின் பெயர்த்தட்டில் எழுதிய அளவில் வைத்துவிட்டு, மூன்று கட்டத்திலும் கிளம்ப் மீற்றரால் பாருங்கள். ஒரு கட்டம் குறைந்தால் மோட்டர் முனகும், மற்ற இரண்டும் சூடேறும்.

முதலில் வெறுமையாக அரை மணித்தியாலம் ஓட்டி ஒவ்வொரு பெயாரிங் பிளாக்கிலும் புறங்கையை வையுங்கள். சுற்றும் எதற்கும் அருகில் போகாமல். வைத்த கையை எடுக்க வேண்டியிருந்தால் 60 பாகையைத் தாண்டிவிட்டது, நிறுத்துங்கள். பிறகு பாதி நெல், பிறகு முழு நெல். மறுநாள் காலையில் புது பெல்ட்டுகள் எல்லாம் தளர்ந்திருக்கும், மறுபடி இறுக்குங்கள். கழற்றிய பெயாரிங்குகளைத் திகதியும் மெஷின் பெயரும் எழுதி ஒரு பழைய பால்மாத் தகரத்தில் போட்டு வையுங்கள். அடுத்த போகம் அதே இடத்தில் அதே பெயாரிங் போனால், முதலில் திறக்க வேண்டியது அந்தத் தகரத்தை.